வேண்டுதல் வடை

காப்பு கட்டின நாளிலிருந்து ரத்னாவால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. கடையில் இருந்தால் வீட்டில் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்ததுபோல இருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் அடுப்பு சாம்பல் பூத்துக் கிடக்கும். திரும்பி வரும்போது கடையில் மாவு பொங்கி வழிந்திருக்குமோ என்று நடையை எட்டிப் போடுவாள். அங்கேயும் ஒன்றும் இருக்காது. வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்துக் கட்டிய கயிறு. அதை இடது கை விரல்கள் எந்நேரமும் உருட்டிக்கொண்டே இருந்தன.

கவரைப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், கல்கத்தா ரோட்டைப் பார்த்த மாதிரி அவர்கள் பலகாரக் கடை. மேலே கீற்று, கீழே மண் தரை, முன்னால் ஒரு பெஞ்சு. மாமியார் கனகாம்பாள் வெங்காயம் அரிந்து மாவு பிசைந்து கொடுப்பாள். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் ரத்னா. கூடூர் பாசஞ்சர் வந்து நின்றாலும் சரி, ரோலிங் மில்லில் சங்கு ஊதி ஷிப்டு விட்டாலும் சரி, ஆட்கள் வந்து மொய்ப்பதற்குள் கூடையில் போண்டா நிறைந்திருக்க வேண்டும். மாவைக் கிள்ளிப் போடுவாள், திருப்புவாள், சிவந்ததும் ஜல்லிக்கரண்டியில் அள்ளுவாள், சட்டி விளிம்பில் ரெண்டு தட்டு தட்டுவாள். அதன் ஓட்டைகள் வழியாக எண்ணெய் சட்டிக்கே ஒழுகும். போண்டா கூடைக்குப் போகும். அந்த டக் டக் சத்தத்தைக் கேட்டு, சூடாக இருக்கிறது என்று தெரிந்து லாரிக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டுவார்கள்.

அந்தக் கரண்டி கடையில் சும்மா கிடக்கிற நேரமே இல்லை. தீபாவளிக்கு அதிலேயே மாவை ஊற்றித் தேய்த்துப் பூந்தி விழவைப்பாள். அப்பளம் பொரிக்க அதுதான். ரம்ஜான் வந்தால் பக்கத்துக் கடை நூர் முகம்மது பாய் வீட்டிலிருந்து சமோசா சுட இரவல் கேட்டு ஆள் வரும். ஏழு வருஷமாக அந்த இரும்புக் கரண்டி நடுவில் இருந்ததால்தான் அவள் கை எண்ணெய்க்குத் தப்பியிருந்தது. அப்படியும் முழங்கைக்குக் கீழே கடுகு தெறித்த மாதிரி தழும்புகள்.

இப்போது அந்தக் கையைத்தான், கரண்டி இல்லாமல், கொதிக்கிற எண்ணெயில் விடச் சொல்லியிருந்தார்கள்.

வேண்டிக்கொண்டது அவள் இல்லை. போன கார்த்திகையில் அவள் புருஷன் மணவாளன் மில்லில் வேலையாயிருந்தபோது, உருளையிலிருந்து சிவக்கச் சிவக்க வந்த கம்பி தடம் மாறித் துள்ளி அவன் தொடையைச் சுற்றிக்கொண்டது. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் தை முடியும்வரை கிடந்தான். ரத்னா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். தினமும் கட்டுப் பிரிக்கும்போது துணி சதையோடு ஒட்டிக்கொண்டு வரும். அவன் துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு அவள் தோளைப் பிடிப்பான். பிடித்த இடம் கன்றிப் போகும்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் கனகாம்பாள் அம்மன் கோயில் வாசலில் ஈரப்புடவையோடு விழுந்து, "எம்புள்ள நடந்து ஊடு வந்து சேந்தான்னா, எம்மருமவ ஆடிக்கு உன் சட்டியில கைய உட்டு வடை எடுப்பா தாயே" என்று சொல்லிவிட்டாள். நாலு பேர் காதில் விழுந்தது. மணவாளன் கொஞ்சம் நொண்டினாலும் நடந்துதான் வீடு வந்தான். வேண்டுதல் விஷயம் ரத்னாவுக்குத் தெரிந்ததே கடையில் போண்டா வாங்க வந்த ஒருத்தி வாயால்தான். "ஆடிக்கு நீதானாமே" என்றாள் அவள்.

அன்றைக்கே மாமியாரிடம் கேட்டாள்.

"நீங்க வேண்டிக்கினீங்க. நீங்க எடுக்கறதுதானே அத்தை?"

"இந்தக் கோயில்ல தாலி இருக்கறவதான் எடுக்கணும். எனக்கு இருந்தா உன்னக் கேட்டுக்கினு இருப்பனா?" என்றாள் கனகாம்பாள். சண்டைக்காக அவள் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

அந்தக் கோயிலில் ஆடி மூன்றாம் வெள்ளி வடை எடுக்கிற திருநாள். மற்ற நாளெல்லாம் பிரசாதம் செய்யப் பெரிய பித்தளைக் கரண்டி ஒன்று உண்டு. முறம் அகலத்துக்கு இருக்கும், உடம்பெல்லாம் ஓட்டை. ஊரில் அதைக் கண்ணு கரண்டி என்பார்கள். அந்த ஒரு நாள் மட்டும் அதை எண்ணெயில் விடமாட்டார்கள். மஞ்சள் தண்ணீரில் கழுவி, குங்குமம் வைத்து, பூ சுற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் நட்டிருக்கிற சூலத்தில் மாட்டிவிடுவார்கள். பூசாரி முனுசாமி காப்பு கட்டும்போது எல்லாப் பெண்களுக்கும் சொல்வதை ரத்னாவுக்கும் சொன்னார்.

"அத்தினி கண்ணாலயும் ஆத்தா உன்னப் பாத்துக்கினு இருப்பா. மனசு சுத்தமா இருக்கறவளுக்கு எண்ணெ பன்னீரு மாதிரி. பயப்படாத."

பயப்படாதே என்று அவர் சொன்னதிலிருந்துதான் பயம் பிடித்துக்கொண்டது. தன் மனசு சுத்தமா என்று யோசிக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் ஒருநாள், அவன் கத்தின கத்தலில், இதற்கு இவர் பேசாமல் செத்துப்போயிருக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்து போனது. அடுத்த நொடியே தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் வந்தது வந்ததுதானே. அதையும் ஆத்தா அத்தனை கண்ணாலும் பார்த்திருப்பாளோ?

கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியான வேளையில், கொதிக்கிற சட்டியை நோக்கி விரலைக் கொண்டுபோனாள். மிதக்கிற போண்டாவின் உச்சியைத் தொட்டுவிட்டு எடுக்கலாம் என்று பார்த்தாள். ஆவி பட்டதுமே கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. மறுபடி கொண்டுபோனாள். மறுபடி வந்துவிட்டது. தன் கையே தன் பேச்சைக் கேட்காததைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது.

புருஷனிடம் சொன்னாள். அவனுக்கு மில்லில் இப்போது வாசல் கேட்டில் காவல் வேலை கொடுத்திருந்தார்கள். நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைப் பார்த்தபடியே இருந்தான்.

"வெந்தா எப்படி இருக்கும்னு இந்த ஊட்ல உங்களுக்குத்தான் தெரியும். நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னேன். அம்மா அழுவுறாங்க. சோறு துன்னாம படுத்துக்கறாங்க."

"அவங்க அழுதா உங்களுக்குத் தாங்கல. என் கை வெந்தா தாங்குமா?"

அவன் கை கழுவ எழுந்தான். எழும்போது தொடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு மேலே பேச மனசு வரவில்லை. கோபம் மட்டும் போகாமல் நெஞ்சுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

போன வருஷம் வடை எடுத்தவர்களில் கோவிந்தம்மாவும் ஒருத்தி. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் வீடு. ரத்னா போனபோது கோவிந்தம்மா பம்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இடது கையால் கும்மிக்கொண்டிருந்தாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. ஊரில் எங்கே பார்த்தாலும் அந்தக் கை முந்தானைக்குள்தான் இருக்கும் என்பது அப்போதுதான் ரத்னாவுக்கு உறைத்தது.

"அக்கா, போன வருசம் எடுத்தியே. சுட்டுதா?"

"சுடல."

சட்டென்று வந்தது பதில். ரத்னா போகாமல் நின்றுகொண்டேயிருந்தாள். கோவிந்தம்மா அவள் மணிக்கட்டுக் கயிற்றைப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, துணியை அப்படியே போட்டுவிட்டு, "உள்ள வா" என்றாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு முந்தானையை விலக்கினாள். சுட்ட கத்திரிக்காய்த் தோலை உரித்த மாதிரி இருந்தது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதி வரைக்கும் ஒன்றாக ஒட்டியிருந்தன.

"இது கஞ்சி கொட்டிக்கினதுன்னு சொல்லிவெச்சிருக்கேன்" என்றாள் கோவிந்தம்மா. "நீயும் அப்படியே தெரிஞ்சுக்கோ."

"மெய்யா சொல்லுக்கா."

"சுட்டுதுன்னு சொன்னா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாதா? எவன நெனச்சுக்கினு நின்னாளோ, இன்னா அழுக்கு இருந்துச்சோன்னு ஊரு பேசும். எங்க ஊட்டுக்காரரே ஒரு மாதிரி பாத்தாரு. எண்ணெயில கைய உட்டு எடுத்தது கண்ண மூடித் தொறக்கற நேரந்தான். சுடல சுடலன்னு சொல்லிக்கினே வருசம் ஓடிப்போச்சு. அதுதான் பேஜாரு."

"எல்லாருக்குமே இப்படித்தானா?"

"எனக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் சுடலன்னுதான் சொல்றாங்க. நானுந்தான் சொல்றேன்."

ரத்னா அங்கிருந்து ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். ரயில்வே கேட்டு மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது, முடிகிற வழியாகத் தெரியவில்லை. இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு காலை மாற்றி மாற்றி நின்றாள். வண்டி போனதும் கேட்டு திறக்கக் காத்திராமல் குனிந்து நுழைந்து வந்துவிட்டாள்.

கனகாம்பாளிடம் கோவிந்தம்மா கையைப் பற்றிச் சொன்னாள். அவள் அசையவில்லை.

"அவ அன்னிக்குத் தலைக்கு ஊத்தாம வந்தா. எல்லாருக்கும் தெரியும்."

"வேண்டிக்கினது நீங்க. கை என்னுது அத்தை. இந்தக் கையிலதான் கடை ஓடுது."

"அவன் எனக்குப் புள்ள மட்டுமா? உனக்குப் புருசன் இல்லியா?" கனகாம்பாள் வெங்காயம் அரிவதை நிறுத்தாமலே கேட்டாள். "ஆஸ்பத்திரியில டாக்டரு இன்னா சொன்னாரு? கால எடுக்கணும்னாரா இல்லியா? அப்புறம் எடுக்கல. அது எப்படி? சும்மா ஆச்சா அது? வாங்கிக்கினு குடுக்காம இருந்தா அவ திருப்பி எடுத்துக்குவா. எனக்கு அந்த பயந்தான். எனக்குத் தூக்கம் வருதுன்னு நெனச்சியா?"

அரிந்த வெங்காயம் ஒன்று சன்னமாகவும் ஒன்று தடிமனாகவும் விழுந்துகொண்டிருந்தது. இந்தக் கிழவியைத் திட்டவும் முடியவில்லை, சரி என்று சொல்லவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்தே மேகம் மூடி, மழையும் பெய்யாமல் வெயிலும் அடிக்காமல் புழுங்கியது. கடையை மூடிவிட்டார்கள். ரத்னா குளத்தில் தலை முழுகி, மஞ்சள் புடவை கட்டி, ஈரம் சொட்டச் சொட்டக் கோயிலுக்கு வந்தாள். கனகாம்பாள் வேப்பிலையோடு பின்னால் வந்தாள். மணவாளன் மில் சட்டையோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றான்.

பம்பையும் சிலம்பும் காதைப் பிளந்தன. கோயில் முன்னால் மூன்று கல் வைத்து அண்டா மாதிரி பெரிய இரும்புச் சட்டி. எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது. வெப்பத்தில் காற்று நெளிந்தது. பக்கத்தில் சூலத்தில் கண்ணு கரண்டி தொங்கியது, பூவும் குங்குமமுமாக.

எண்ணெய் காய்ந்த காய்ச்சல் ரத்னாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கடையில் இப்படிக் காய்ந்தால் விறகை வெளியே இழுத்துவிடுவாள்.

அவளுக்கு முன்னால் ரெண்டு பேர். முதலாவது நடுவயசுக்காரி, பல வருஷமாக எடுக்கிறவள். வடையை வெடுக்கென்று சுண்டிவிட்ட மாதிரி எடுத்து இலையில் போட்டாள். கூட்டம் ஆத்தா என்று கத்தியது. ரெண்டாவது கல்யாணமாகி அதிகம் ஆகாத பெண். கையை விட்டவள் வாயைத் திறந்தாள். சத்தம் வந்ததா என்று பம்பையில் கேட்கவில்லை. வடை கை நழுவித் திரும்ப எண்ணெயில் விழுந்தது. மறுபடி விட்டு எடுத்தாள். அவள் மாமியார் உடனே முந்தானையைப் போட்டு அந்தக் கையை மூடிக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற போக்கில் அந்தப் பெண் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ரத்னாவால் பார்க்க முடியவில்லை.

"வாம்மா" என்றார் முனுசாமி.

சட்டிக்கு முன்னால் போய் நின்றாள். முனுசாமி இலையிலிருந்து வடையை வழித்து எண்ணெயில் விட்டார். அது அடியில் போய், நுரை கக்கிக்கொண்டு மேலே வந்தது. ரத்னா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆத்தாளைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள். வாயில் ஒன்றும் வரவில்லை. வடையின் ஓரம் நிறம் மாறியது. நுரை அடங்க ஆரம்பித்தது. நுரை அடங்கினால் திருப்ப வேண்டும். யாரும் திருப்பவில்லை. ஓரம் பழுப்பாகி, பழுப்பு சிவப்பாகி, ஒரு பக்கம் கருகப் பார்த்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியது.

"எடும்மா, எடு" என்றார் முனுசாமி.

எடுத்தாள். வலது கை பக்கவாட்டில் நீண்டு, சூலத்தில் தொங்கிய கரண்டியைக் கழற்றி, வடைக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, சட்டி விளிம்பில் ரெண்டு தட்டு தட்டி, இலையில் போட்டது. எல்லாம் ஒரே வீச்சில் நடந்து முடிந்தது. கரண்டியில் சுற்றியிருந்த பூவிலிருந்து ஒரு இதழ் எண்ணெயில் விழுந்து சுருண்டது.

பம்பை நின்றது. அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்று ரத்னாவுக்குத் தெரிந்தது. கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். ஏழு வருஷமாகத் தினமும் செய்கிற வேலையை அவள் கை செய்துவிட்டது, அவ்வளவுதான். திமிரில் செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். யாரிடம் சொல்வது?

முனுசாமி அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். கோபப்படவில்லை. அவருக்கும் இது புதுசு. இலையில் கிடந்த வடையைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார்.

"வடைய எடுத்தது கரண்டி. கை எடுக்கல. வேண்டுதல் அப்படியே நிக்குது" என்று மட்டும் சொன்னார்.

கனகாம்பாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. மகனைத் தேடிப் பார்த்தாள், அவன் இன்னும் நிற்கிறானா என்று பார்ப்பதுபோல. மணவாளன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவைத் தூக்கி நிறுத்தினான். வீட்டுக்குப் போகிற வழியில் அவன் ரத்னாவின் பக்கம் குனிந்து, "நல்லவேள, கருகல" என்றான். அவன் உதடு லேசாகச் சிரித்தது. அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம் வந்த மாதங்கள்தான் கொடுமை. கை பிழைத்தது, நிம்மதி பிழைக்கவில்லை. கனகாம்பாள் ரத்னாவோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மாவைப் பிசைந்து வைப்பாள், அடிக்கொரு தரம் எழுந்து ரோட்டுக்குப் போய் மில் இருக்கிற திசையைப் பார்ப்பாள். சங்கு ஊத நேரமானால் ஏதோ நடந்துவிட்டது என்பாள். மணவாளன் இருமினால் அவன் முகத்தைப் பார்க்காமல் ரத்னா முகத்தைப் பார்ப்பாள்.

ரத்னாவையும் அதே நோய் பிடித்துக்கொண்டது. அவன் வர அரை மணி தாமதமானால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ரயில்வே கேட்டு வரை போவாள். அங்கே ஏற்கெனவே கனகாம்பாள் நின்றிருப்பாள். ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்க்காமல் ஒரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தூரத்தில் நொண்டி நொண்டி அவன் வருவது தெரிந்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நடப்பார்கள்.

ஐப்பசி மழையில் அவனுக்குக் குளிர் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தான். கனகாம்பாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நான் வேணா அடுத்த ஆடிக்கு எடுத்துடறேன் அத்தை" என்று ரத்னாவே சொல்லிவிட்டாள். சொன்ன மறுநிமிஷம் கோவிந்தம்மாவின் கை ஞாபகம் வந்தது. கனகாம்பாள் அவளை வெகு நேரம் பார்த்தாள். "உன் கை எண்ணெய்க்கு நீளாது. நான் பாத்தேன் இல்ல" என்றாள். காய்ச்சல் தானாக விட்டது.

வைகாசி பிறந்ததும் கனகாம்பாள், தம்பி வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினாள். பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்தில் சின்ன ஊர். அவள் பிறந்த இடம். வருஷக்கணக்காகப் போகாதவள், ஒரு துணி மூட்டையோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். அவள் இல்லாத நாட்களில் ரத்னா ஒருத்தியாகவே மாவும் பிசைந்து எண்ணெயும் பார்த்தாள். பெஞ்சில் ஆள் உட்கார்ந்து கத்திக்கொண்டேயிருக்கும். ஆனாலும் யாரும் முகத்தைப் பார்க்காத அந்த ஒரு வாரம் மூச்சு விட முடிந்தது.

கனகாம்பாள் திரும்பி வந்தது ஒரு சாயங்காலம். பஸ்ஸை விட்டு இறங்கியவள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். ரத்னா சொம்பை நீட்டினாள். கனகாம்பாள் இடது கையால் வாங்கினாள். பாதித் தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

வலது கை முந்தானைக்குள் இருந்தது.

ரத்னா சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து முந்தானையை விலக்கினாள். பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. மஞ்சள் அப்பிக் காய்ந்து சதையோடு பிடித்திருந்தது. அந்த வாசனை அவளுக்குத் தெரியும். மெட்ராஸ் ஆஸ்பத்திரி வார்டில் ரெண்டு மாசம் மூக்கை விட்டுப் போகாத வாசனை.

"எங்க ஊர் கோயில்ல வைகாசியிலயே வடை எடுப்பாங்க, தாலி கேக்க மாட்டாங்க" என்றாள் கனகாம்பாள். "யாரு வேணா எடுக்கலாம். எடுத்துட்டேன். தீந்துச்சு."

ரத்னா வெந்நீர் காய வைத்தாள். உப்புப் போட்டு ஆறவிட்டு, துணியை நனைத்து நனைத்து ஊறவைத்து, இழுக்காமல் பிரித்தாள். கனகாம்பாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது. உள்ளங்கை முழுக்கத் தோல் கழன்றிருந்தது.

"பொய் சொல்றாளுங்க ரத்னா" என்றாள் கனகாம்பாள். "சுடுது. நான் ஆத்தாவத் தவிர எதையும் நெனைக்கல. அப்பயும் சுட்டுது."

"அங்க இன்னா சொன்னீங்க?"

"சுடலன்னுதான் சொன்னேன். வேற இன்னா சொல்றது? தம்பி பொண்டாட்டி எங்கால்ல வுழுந்து கும்புடறா." தோல் கழன்ற கையைப் பார்த்தாள். பிறகு, "ஒரு வருசமா உன்ன நான் படுத்தினது இதுக்குத்தான்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரத்னாவுக்கு அந்த நேரத்தில் அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, உலுக்கவும் தோன்றியது. ரெண்டும் செய்யாமல் புதுத் துணியைக் கிழித்துக் கட்டினாள். அன்று வேலை முடிந்து வந்த மணவாளன் அம்மாவின் கையைப் பார்த்தான். சாப்பிடாமல் வெளியே போய் லைன் ஓரமாக நடந்துவிட்டு வந்தான். வந்து அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தான். "எனக்கு வெந்ததே போதும்னு இருந்தேம்மா" என்றான். கனகாம்பாள் இடது கையால் அவன் தலையைத் தடவினாள். அன்றைக்கு அவள் அசந்து தூங்கினாள். ரத்னாதான் புரண்டுகொண்டிருந்தாள்.

கை ஆற நாளானது. விரல்கள் முன்போல மடங்கவில்லை. மாவு பிசைவது ரத்னாவின் வேலையானது. கனகாம்பாள் சட்டிக்கு முன்னால் வந்து, இடது கையில் ஜல்லிக்கரண்டியைப் பிடித்து அள்ளப் பழகினாள். முதலில் பாதி போண்டா அடுப்பில் விழும். லாரிக்காரன் எவனாவது சிரித்தால், "நீ ரெண்டு கையாலயும் ஸ்டேரிங் புடிக்கற. நான் ஒரு கையால கரண்டி புடிக்கறேன். யாரு கெட்டிக்காரி?" என்பாள்.

ஆடி வந்தது. காப்பு கட்டிய மறுநாள் பம்பைச் சத்தத்தோடு மஞ்சள் புடவைக் கூட்டம் ஒன்று கடையைத் தாண்டிப் போயிற்று. நடுவில் புதுப்பெண் ஒருத்தி. மணிக்கட்டில் கயிறு. அதை இடது கை விரலால் உருட்டிக்கொண்டே நடந்தாள். முன்னால் அவள் மாமியார் ஞானம்மா. நூர் முகம்மது பாய் கடைக்கு எதிரில், மரப்பட்டறைக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

ரத்னா மாவுக் கையோடு ரோட்டுக்கு இறங்கிவிட்டாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து கனகாம்பாளின் குரல் வந்தது.

"ஞானம்மா, நில்லு. அந்தப் பொண்ண இங்க கூப்புடு."

"இன்னாத்துக்கு?"

"வேண்டிக்கினது யாரு? நீயா அவளா?"

கனகாம்பாள் கரண்டியை ரத்னாவிடம் கொடுத்துவிட்டு ரோட்டில் இறங்கினாள். முந்தானைக்குள் இருந்த வலது கையை வெளியே எடுத்து அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். பம்பைக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சுடுதும்மா" என்றாள். "சுத்தமா இருந்தாலும் சுடும். தெரிஞ்சுக்கினு செய்யி. இல்லாட்டி செய்யாத."

நடு ரோட்டில் பெரிய சண்டையாகிவிட்டது. கோயில் விஷயத்தில் கெட்ட வாய் வைத்துவிட்டாள் என்று ஞானம்மா மண்ணை வாரித் தூற்றினாள். ஆடி முடியும்வரை அந்தத் தெருக்காரர்கள் யாரும் கடைப் பக்கம் வரவில்லை. முனுசாமி ஒரு நாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கனகாம்பாளின் கையைப் பார்த்துவிட்டு, டீ குடிக்காமலே எழுந்து போனார்.

மூன்றாம் வெள்ளியன்று ரெண்டு பேர் வடை எடுத்தார்கள். ஞானம்மாவின் மருமகள் வரவில்லை. முந்தின நாளே அம்மா வீட்டுக்குப் பொன்னேரி போய்விட்டாள் என்றும், புருஷனே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான் என்றும் பேசிக்கொண்டார்கள். கோயிலிலிருந்து பம்பைச் சத்தம் கடை வரை கேட்டது. கேட்கிற வரைக்கும் ரத்னாவால் மாவில் கை வைக்க முடியவில்லை. அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். விறகைத் தள்ளினாள், இழுத்தாள்.

"செத்த உக்காரேன்" என்றாள் கனகாம்பாள்.

ரத்னா உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். மில் சங்கு ஊதிவிட்டது, கூடை இன்னும் காலி.